ஜோஸ்பினுக்கு வந்தது மனநோய் அல்ல

வகுப்புக்குக் கிளம்பும் நேரத்தில் ஜோஸ்பினின் தங்கை போன் செய்தாள். "அக்கா போயிட்டாங்க மிஸ். சாயங்காலம் உப்பளம் கல்லறைக்கு எடுத்துட்டுப் போறோம்." அடக்கத்துக்கு வந்திருந்த உங்களில் பலர், பாவம், மனநோய் என்று பேசிக்கொண்டீர்கள். அது பொறுக்காமல்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் பள்ளியில் ஜோஸ்பின் பிரெஞ்சு, நான் கணக்கு. பிள்ளைகள் எதைத் தப்பாகச் சொன்னாலும் முதலில் "மெர்சி" என்று நன்றி சொல்வாள். "மொதல்ல வாயத் திறக்கட்டும், அப்புறம் திருத்திக்கலாம்" என்பது அவள் கட்சி. அப்படிப்பட்டவள் ஒருநாள் வகுப்பில் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லி, காரணமில்லாமல் அழுதாள். பள்ளி லீவில் அனுப்பியது. வீட்டார் ஜெபக்கூட்டத்துக்கு அழைத்துப்போனார்கள், பிறகு தூக்க மாத்திரை கொடுத்துப் படுக்க வைத்தார்கள்.

வலிப்பு வந்த பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரி. முதுகுத்தண்டில் நீர் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்குகிறது என்றார். அதை அடக்க ஸ்டீராய்டும் இம்யூனோகுளோபுலினும் ஏற்றினார்கள். ஸ்கேனில் சினைப்பையில் ஒரு கட்டி தெரிந்தது. இளம்பெண்களுக்கு இந்த நோயைப் பல சமயம் கிளப்பிவிடுவது இப்படிப்பட்ட கட்டிதான், எடுத்துவிட்டால் பெரும்பாலோர் தேறிவிடுவார்கள், தேறாவிட்டால் ரத்தத்தின் பிளாஸ்மாவை மாற்றலாம், அதற்கு மேலும் மருந்து இருக்கிறது, இன்னொரு சினைப்பை இருப்பதால் பிள்ளைப்பேறுக்கும் பயமில்லை என்று பொறுமையாகச் சொன்னார்.

ஜோஸ்பினின் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்ற சொல்தா. பிரான்சில் இருக்கும் உறவில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார். வயிற்றில் கத்தி வைத்தது தெரிந்தால் சம்பந்தம் போய்விடும், கல்யாணம் முடியட்டும் என்றார்.

மருந்தில் தெளிந்திருந்த ஜோஸ்பின் என் முன்னால்தான் சொன்னாள்: "தழும்பு இருந்தா கட்டமாட்டான்னா அவன் எனக்கு வேணாம் பப்பா. கட்டிய எடுக்கச் சொல்லுங்க."

"அவளுக்குப் புத்தி சரியில்ல டாக்டர். அவ பேச்ச எடுத்துக்காதீங்க" என்றார் அப்பா.

ஊருக்குத் தெரியாமல் மூடி வைத்திருந்த நோயை, மகளின் வாயை அடைக்க மட்டும் வெளியே எடுத்தார். டாக்டரம்மா எவ்வளவோ வாதாடியும் கேட்காமல் வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். மறுபடி வலிப்பு வந்து தூக்கிக்கொண்டு ஓடியபோது மூச்சே திணறியது. எந்த மருந்தும் பலிக்கவில்லை.

கல்யாணமாகாதவள் என்பதால் வழக்கப்படி வெள்ளை கவுன் போட்டு, தலையில் பூமுடி வைத்து, மணப்பெண்ணாகவே அடக்கம் செய்தார்கள். எவ்வளவு அழகு என்றார் யாரோ. அந்த கவுனுக்குள் ஒரு தழும்பு இருந்திருந்தால் அவள் இன்று ஒன்பதாம் வகுப்பில் நின்றுகொண்டிருப்பாள்.

ஜோஸ்பின் யார் மீதும் கோபப்படத் தெரியாதவள். அவள் பட்டிருக்க வேண்டிய கோபம் என்னிடம் இருக்கிறது. அதை ஆற விடமாட்டேன்.