பத்துக்கு ஒரு பழைய கையெழுத்து

உள்ளறையில் ‘சரட்’டென்று தாள் கிழிந்தது. ரவிக்கைக்காகக் காத்திருந்த நான் சுவரைப் பார்த்தேன். ஆணி மட்டும் இருந்தது. நாட்காட்டி உள்ளே போயிருந்தது.

தையல்காரர் மாரீஸ்வரி கையெழுத்துப் பழகுகிறார். தினத்தாளின் பின்பக்கம் வெள்ளை. கையெழுத்துக்கு ஒரு தாள். அருப்புக்கோட்டைக்கு இன்று பன்னிரண்டாம் தேதி. இந்தக் கடையில் மட்டும் அடுத்த மாத முகூர்த்தங்கள் இரண்டு முடிந்துவிட்டன. ரவிக்கை எப்போது கிடைக்கும் என்று கேட்பவர்கள் எந்த நாளை நம்புவார்கள், பாவம்!

பெயர் மாற்றம் போன மாதம்தான் அரசிதழில் வந்தது. ஆணாக முப்பது வயதுவரை அவர் போட்ட கையெழுத்து, ஏர் இழுத்த சால் மாதிரி ஒரே கோடு. கடைசிப் புள்ளியில் தாள் ஓட்டையாகும். புதியதில் ‘மா’ ரவிக்கைக் கழுத்தாக வளைய வேண்டும். கடைசி எழுத்து சேலை முந்தியாகத் தொங்க வேண்டும். அதற்கென்று மைப் பேனா ஒன்றும் வாங்கியிருக்கிறார்.

“கையெழுத்துலகூடவா பொம்பள வேசம்?” என்று எதிர்வீட்டுச் சந்தனம்மாள் சிரித்தார்.

“நீங்க போட்டுக் காட்டுங்க மதினி, பாத்துக்கிறேன்.”

சந்தனம்மாள் பருத்தி விதை ஊன்றுவதுபோல் எழுத்துக்கு ஒரு சாண் விட்டு எழுதினார். பாதிப் பெயரிலேயே தாள் தீர்ந்தது. அடுத்து நான் போட்டேன். மாரீஸ்வரி உதட்டைப் பிதுக்கினார். “இது ஆம்பளக் கையெழுத்தால்ல இருக்குக்கா!”

சிரிப்புக்கு நடுவே அவருக்கு ஒரு பயமும் உண்டு. “பத்துக்கு ஒண்ணு கை தன்னால பழசுக்குப் போயிருதுக்கா.” அப்படிப் போனதைக் கத்தரியால் பொடிப்பொடியாக நறுக்கிவிடுவார்.

அன்று அவருடைய அண்ணன் காளீஸ்வரன் சொந்த ஊர் பரளச்சியிலிருந்து பஸ் ஏறி வந்தார். தம்பி சேலை கட்டிய வருடம், “செத்துட்டான்” என்று ஊருக்குச் சொல்லி, மொட்டை போட்டு, கருமாதிச் சாப்பாடும் போட்ட மகராசன். நான்கு வருடமாக எட்டிப் பார்க்காதவர் பிளாஸ்டிக் பையிலிருந்து ஒரு பத்திரத்தை எடுத்தார்.

“ஏலே, நம்ம புஞ்சைக் காட்டைச் சோலார்க் கம்பெனிக்காரன் குத்தகைக்குக் கேக்கான். பட்டா ரெண்டு பேரு பேர்லயும் கெடக்கு. பழைய கையெழுத்த ஒண்ணு போட்டுரு. யாருக்குத் தெரியப் போகுது?”

மாரீஸ்வரி பேனாவை எடுத்தார். முனை பத்திரத்துக்கு மேலே நின்றது. இது பத்தாவது தடவையாக இருந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன்.

“ஏண்ணே, செத்தவுக எங்கயாச்சும் கையெழுத்துப் போடுவாகளா? கருமாதிக்கு வடை பத்தலன்னு ஊரே பேசுச்சாமே!”

காளீஸ்வரன் தலையைத் தடவிக்கொண்டார். முடி எப்போதோ வளர்ந்துவிட்டது. “நாலு பேரு முன்னால தலை நிமுரணும்ல... அதுக்குச் செஞ்சது.”

“அந்த நாலு பேரையே கூப்பிட்டுப் போடச் சொல்லு.”

பத்திரத்தை ஒதுக்கிவிட்டு நாட்காட்டியில் ஒரு தாளைக் கிழித்தார். ஒரே மூச்சு. கழுத்து வளைந்தது, முந்தி தொங்கியது. இத்தனை நாளில் அவர் போட்டதிலேயே அதுதான் அழகு.

“இனிமே இதான் என் கையெழுத்து. தங்கச்சி மாரீஸ்வரின்னு வேற பத்திரம் எழுதிக் கொண்டா. நானே ரிஜிஸ்டர் ஆபீசுக்கு வந்து போடுறேன். கெசட்டு நகலும் தாரேன்.”

“தங்கச்சின்னா ஊருல கேப்பாகளே...”

“கம்பெனிக்காரன் கேக்க மாட்டான். இந்தா, மாதிரிக்கு இதக் கொண்டு போ.”

காளீஸ்வரன் வாசலைப் பார்த்தார், பத்திரத்தைப் பார்த்தார், தாளை வாங்கினார். மை இன்னும் ஈரமாக இருந்தது. முந்தி கலைந்துவிடாமல் இரண்டு விரலால் ஓரத்தைப் பிடித்து, செத்துட்டான் என்று ஊருக்குச் சொன்ன அதே வாயால் ஊதிக்கொண்டே படியிறங்கினார்.

மாரீஸ்வரி கதவைச் சாத்திவிட்டு நாட்காட்டியை மறுபடி ஆணியில் மாட்டினார்.