நெல் மூட்டை மேல் நின்ற கார்

சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து திரும்பி வந்ததும், ஊரில் எல்லோரும் செய்வதுபோல ஒரு டிராக்டர் வாங்கியிருந்தால் எங்கள் வீட்டில் எந்தக் குழப்பமும் வந்திருக்காது. அவர் வாங்கியது ஒரு கார். ஊட்டிப் பக்கம் ஏதோ எஸ்டேட்டில் தார்ப்பாய்க்கடியில் தூங்கிக்கொண்டிருந்த சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். அப்பா பிறப்பதற்கு முன்னால் சீமையில் செய்ததாம். நீண்ட மூக்கு, மடக்கித் திறக்கிற துணிக்கூரை, தரையோடு தரையாக உடம்பு. லாரியில் ஏறி அது பூதலூரைத் தாண்டி எங்கள் தெருவுக்குள் வந்தபோது பிள்ளைகள் கூட்டம் பின்னாலேயே ஓடி வந்தது. எட்டு வயதுக்காரியான நான் மட்டும் அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதன் முகப்பு விளக்குகள் என்னையே பார்ப்பதுபோல இருந்தது.

அப்பா காரை ஒருமுறை சுற்றி வந்தார். கதவுக்குள் எட்டிப் பார்த்தார். இரண்டே இரண்டு இருக்கைகள்.

"இந்த வீட்ல நாலு பேரு இருக்கோம். இவன் ரெண்டு பேர் உக்கார்ற காரு வாங்கிட்டு வந்துருக்கான். அப்ப யாரு வெளிய, யாரு உள்ளன்னு முடிவு பண்ணிட்டான்" என்றார் அம்மாவிடம். சித்தப்பா பக்கத்தில்தான் நின்றார். அவருக்கு அப்போது கல்யாணம்கூட ஆகவில்லை. ஒரு கார் பிடித்திருந்தது, வாங்கினார், அவ்வளவுதான். ஆனால் கூட்டுக் குடும்பத்தில் இரண்டு இருக்கை என்பது எவ்வளவு பெரிய குற்றம் என்று சிங்கப்பூரில் யாரும் அவருக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அன்றோடு அண்ணன் தம்பி பேச்சு நின்றது. இருவரும் ஒரே கூடத்தில் அடுத்தடுத்து உட்கார்ந்து சாப்பிடுவார்கள். "சித்தப்பாட்ட சொல்லு, மடை மாத்தணும், மம்பட்டிய எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லு" என்பார் அப்பா. "உங்கப்பாட்ட சொல்லு, காலையிலயே மாத்தியாச்சுன்னு" என்பார் சித்தப்பா. இரண்டுமே இரண்டு பேர் காதிலும் விழுந்திருக்கும். இருந்தாலும் நான் ஒருமுறை திருப்பிச் சொன்னால்தான் செல்லும்.

காருக்கு இடம் நெல் கொட்டகையில். ஒரு பாதியில் கார், மறு பாதியில் குறுவை அறுப்பு முடிந்து கொள்முதல் நிலையத்துக்குப் போகக் காத்திருந்த நெல் மூட்டைகள். நடுவில் வெறும் சிமெண்டுத் தரைதான். வந்த மறுநாளே கார் எண்ணெய் ஒழுக ஆரம்பித்துவிட்டது. சொட்டுச் சொட்டாக, கறுப்பாக. காலையில் போய்ப் பார்த்தால் அடியில் தோசைக்கல் அளவுக்குத் தேங்கியிருக்கும். தரைக்குக் கொஞ்சம் வாட்டம் உண்டு. அந்த வாட்டம் மூட்டைகளின் பக்கம்தான்.

அப்பா என்னைக் கூப்பிட்டார். "உன் சித்தப்பாட்ட சொல்லு. அந்த எண்ணெ ஒரு சொட்டு நெல்லு மேல பட்டுச்சுன்னா, அன்னிக்கே காரும் வெளிய, அவனும் வெளிய. பாகத்தப் பிரிச்சுக் குடுத்துடறேன்."

பாகம் பிரிப்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் முற்றத்தின் நடுவே சுவர் எழுப்பியிருந்தார்கள். அந்தப் பக்கத்துப் பெண்ணும் இந்தப் பக்கத்துப் பெண்ணும் என் வகுப்புதான். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்காருவார்கள், தெருமுனை வந்ததும் தெரியாதவர்கள் மாதிரி பிரிந்து நடப்பார்கள். எங்கள் வீட்டிலும் சுவர் வந்தால் கொல்லைக் கிணறு யார் பக்கம், கொய்யா மரம் யார் பக்கம், நான் யார் பக்கம் என்றெல்லாம் யோசித்துத் தூக்கம் கெட்டது. விடிந்ததும் பல்கூட விளக்காமல் கொட்டகைக்கு ஓடி, மூலையில் கிடந்த உமியை வாரி எண்ணெய் மேல் கொட்டிக் கூட்டித் தள்ளுவேன். மறுநாள் பார்த்தால் சொட்டு இன்னும் கொஞ்சம் மூட்டைப் பக்கம் நகர்ந்திருக்கும்.

சித்தப்பாவும் சும்மா இருக்கவில்லை. செல்போனில் வெள்ளைக்காரர் ஒருவர் இதேபோன்ற காரைக் கழற்றிக் காட்டும் வீடியோவைப் பார்த்துப் பார்த்து வேலை செய்தார். முதலில் என்ஜின் மேல்மூடிக்கு அடியில் கசிவை அடைக்கும் புது அட்டை வெட்டிப் போட்டார். ஒழுகியது. முன்பக்கம் ஒரு ரப்பர் வளையத்தை மாற்றினார். அப்போதும் ஒழுகியது. எங்கிருந்துதான் வருகிறது என்று கண்டுபிடிக்க, என்ஜின் முழுவதையும் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, என் முகப்பவுடர் டப்பாவை எடுத்து அதன்மேல் கொட்டிவிட்டார். பவுடர் எங்கே நனைகிறதோ அங்கேதான் ஓட்டையாம். நான் பள்ளிக்கூடத்துக்குப் பவுடர் இல்லாமல் போனேன். கார் மணக்க மணக்க நின்றது.

ஓட்டை அடியில்தான் என்று தெரிந்தது. என்ஜினுக்குக் கீழே எண்ணெய் தேங்குகிற தட்டு, அதன் ஓரம் பூராவும் கசிவு. காருக்கு அடியில் போக வேண்டும். பூனை நுழையவே யோசிக்கிற இடம் அது. வீடியோவில் அந்த ஆள் காரைத் தூக்கி, இரும்புத் தாங்கிகள்மேல் நிறுத்தியிருந்தார். எங்களிடம் தாங்கி ஏது? இரவல் வாங்கிய டிராக்டர் ஜாக்கி இருந்தது, நெல் மூட்டை இருந்தது. தைத்த நெல் மூட்டை கல்லு மாதிரி இருக்கும் என்பது இந்தப் பக்கத்தில் பிறந்த எவருக்கும் தெரியும். சித்தப்பா காரின் மூக்கை ஜாக்கியால் தூக்கி, முன்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் அடியில் மூட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஜாக்கியை எடுத்துவிட்டார். கார் அசையாமல் நின்றது. அப்பா அந்தப் பாதிக்குள் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை என்று வைராக்கியமாக இருந்தார், அதனால் அவருக்கு இது தெரியாது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. வெயில் கண்டதால் அப்பா வெளியே களத்தில் ஈர நெல்லைக் கொட்டிக் காலால் துழாவிக்கொண்டிருந்தார். சித்தப்பாவைச் சாப்பிடக் கூப்பிட அம்மா என்னை அனுப்பினாள். கொட்டகையில் காருக்கு வெளியே இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. அடியிலிருந்து பாட்டு முணுமுணுக்கும் சத்தம் வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் இன்னொரு சத்தம் கேட்டது. சரசரவென்று, மெதுவாக.

இடது சக்கரத்துக்கு அடியில் இருந்த மூட்டையில் எலி கடித்த ஓட்டை. அதிலிருந்து நெல் ஒரு நூல் மாதிரி வழிந்துகொண்டிருந்தது. கீழே குவிந்து, எண்ணெயில் நனைந்து கறுத்துக்கொண்டிருந்தது.

எண்ணெய் நெல்லில் பட்டுவிட்டது. எனக்கு முதலில் தோன்றிய பயம் அதுதான். சுவரைத்தான் நினைத்தேன்.

"சித்தப்பா, நெல்லு கொட்டுது."

"எலி வேலையா இருக்கும். நெல்லு சமாச்சாரம்லாம் உங்கப்பா டிபார்ட்மென்ட். அவர்ட்ட போய்ச் சொல்லு."

அந்த நூல் கயிறாகப் பருத்தது. காரின் மூக்கு ஒரு பக்கமாகச் சாய்வதைக் கண்ணால் பார்த்தேன். மூட்டை முறுக்கு விட்டுத் தொளதொளத்தது. "வெளிய வாங்க சித்தப்பா" என்று சொல்ல நினைத்தேன். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்பார்களே, எனக்குக் கால் மட்டும் ஓடியது. களத்துக்கு ஓடினேன்.

"அப்பா, மூட்டையில ஓட்டை. நெல்லு கொட்டுது."

அவர் நிமிரவில்லை. "எந்த மூட்டை?"

"காரு நிக்கிற மூட்டை."

அவர் முகம் வெளுத்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். "அவன் எங்க?" என்றார். பதிலைக் கேட்க அவர் அங்கே இல்லை, கொட்டகையை நோக்கி ஓடிவிட்டிருந்தார்.

நான் பின்னால் ஓடிப் போனபோது பாட்டுச் சத்தம் நின்றிருந்தது. சக்கரம் பாதி இறங்கியிருந்தது. சித்தப்பாவின் கால்கள் தரையை உதைத்துக்கொண்டிருந்தன. அடியிலிருந்து வந்தது பேச்சே இல்லை, வெறும் மூச்சு. அப்பா, "டேய், டேய்" என்றார். அத்தனை நாளுக்குப் பிறகு தம்பியிடம் நேரடியாகப் பேசிய பேச்சு அது. காருக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, சக்கரத்துக்கு மேலுள்ள வளைவில் இரண்டு கையையும் கொடுத்துத் தூக்கினார். எண்ணெயில் கால் வழுக்கி விழப் போனார். கார் இன்னும் கொஞ்சம் இறங்கியது. அடியில் சித்தப்பா முனகினார். நான் "அம்மா" என்று கத்தினேன். அப்பா கொட்டிக் கிடந்த நெல்லுக்குள் காலைப் புதைத்து ஊன்றிக்கொண்டு மறுபடி தூக்கினார். கழுத்து நரம்பு புடைத்தது. என் கத்தல் கேட்டு ஓடி வந்த அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சித்தப்பாவின் கால்களைப் பிடித்து இழுத்தாள். இத்தனை நாளும் எங்களை ஆட்டி வைத்த அந்த எண்ணெயே அன்று வழுக்கிக் கொடுத்தது. அவர் அப்படியே சறுக்கி வெளியே வந்தார்.

அப்பா கையை விட்டார். மூட்டை நசுங்கி, கார் சக்கரம் புதைய உட்கார்ந்தது.

சித்தப்பா நெஞ்சில் தோல் வழன்று, முகமெல்லாம் எண்ணெயும் என் பவுடருமாக உட்கார்ந்து இருமினார். "வேலியில போன ஓணான எடுத்து மடியில விட்டுக்கிட்டீங்களே தம்பி" என்று அம்மா அழுதுகொண்டே திட்டினாள். "அண்ணே" என்றார் சித்தப்பா. அப்பா திரும்பவில்லை. என்னைப் பார்த்து, "அவனுக்குத் தண்ணி குடு" என்றார்.

தண்ணீர் கொண்டுவந்தபோது அப்பா காருக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சிந்திய நெல்லை அள்ளிக்கொண்டிருந்தார். எண்ணெய் சொட்டச் சொட்ட. "விடுங்க, அது கோழிக்குக்கூட ஆகாது" என்றாள் அம்மா. அவர் கேட்கவில்லை. அள்ளி முடித்ததும் சொல்லப் போகிறார், காரும் வெளிய, அவனும் வெளிய என்று. செத்துப் பிழைத்த தம்பியைவிட இவருக்கு நெல்தான் பெரிதா என்று கோபம்கூட வந்தது. சித்தப்பா எழுந்து தள்ளாடிப் போய் எதிரில் உட்கார்ந்து, அவரும் அள்ளத் தொடங்கினார். நான் தூணைப் பிடித்துக்கொண்டு அந்த வார்த்தைக்காகக் காத்து நின்றேன்.

அது வரவேயில்லை. அப்பா அள்ளிக்கொண்டேயிருந்தார். அள்ளிய நெல் சாக்குக்குப் போவதற்குள் விரலிடுக்கில் சிந்திவிடும். மறுபடி அள்ளுவார், மறுபடி சிந்தும். பிறந்ததிலிருந்து நெல் அள்ளுகிற கை அது, ஒரு மணி சிந்தி நான் பார்த்ததில்லை. எண்ணெய் வழுக்குகிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அவர் கை துடைத்துக்கொள்ள நான் ஒரு துணி எடுத்து வரப் போனேன்.