பல்லியின் நிறம் பார்த்த ஸ்டெல்லா மேடம்

அலுவலக நண்பர் ஒருவர் வீட்டில் வளர்க்கப் புதிதாக ஒரு லெப்பர்ட் கெக்கோ பல்லி வாங்கியிருந்தார். அந்தப் பல்லியின் படத்தை ஸ்டெல்லா மேடத்துக்கு அனுப்பி, "இது என்ன வகை, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்று கேட்டிருந்தேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது. "அங்கிள், நான் அவங்க பொண்ணு. அம்மா விடியக்காலைல தவறிட்டாங்க. ஹார்ட் அட்டாக்." நாவலூரில் பேருந்தை விட்டு இறங்கியவன் சாலையோரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். நாற்பத்தெட்டு வயது. சாகிற வயதா அது?

பல்லி வளர்ப்பவர்களான நம் வாட்ஸப் குழுவில் அவரை அறியாதவர் இல்லை. அனகாபுத்தூர்க்காரர். தாம்பரத்தில் ஒரு பெயிண்ட் கடையில் கலர் கலக்கும் மெஷினில் வேலை. சுவரிலிருந்து பெயர்ந்த காரைத் துண்டைக் கொடுத்தால் போதும், அச்சு அசலாக அதே நிறத்தைக் கலந்து தருவார். அந்தக் கண்தான் பல்லியின் நிற வகைகளையும் பிரித்துச் சொன்னது. ஆனால் டியூப் லைட்டில் எடுத்த படத்துக்கு வாயே திறக்கமாட்டார். "பகல் வெளிச்சத்துல, வெள்ளத் துணி மேல வெச்சு எடுங்க சார். அதோட அப்பன் ஆத்தா இன்னா கலர்னு கேட்டுச் சொல்லுங்க. சும்மா பேர் சொல்றதுக்கு நான் இன்னா ஜோசியக்காரியா?" என்பார்.

நம் குழுத் தம்பி ஒருவர் கறுப்பு வெள்ளைக் குட்டி ஒன்றை 'ஸ்னோ' வகை என்று வாங்கி வந்து, நாளாக ஆக மஞ்சள் ஏறியதும், ஏமாந்துட்டேன் என்று குழுவில் குதித்தது நினைவிருக்கும். "பெயிண்ட் ஒண்ணும் உரியல தம்பி. அந்த வகை வளர வளர மஞ்சளாத்தான் ஆவும். உனக்கும்தான் மீச வந்துச்சு, உங்கம்மா கடையில போய் சண்டையா போட்டாங்க?" என்றார். நாமெல்லாம் சிரித்து மாளவில்லை.

என் விஷயத்துக்கு வருகிறேன். என்னிடம் ஓர் ஆண் பல்லி இருந்தது. வெள்ளை வால், முதுகில் பட்டையே இல்லாமல் கண்டபடி பொடிப்புள்ளி. அதன் அழகில் எனக்குக் கர்வம். படத்தைக் குழுவில் போட்டு, ஜோடி சேர்க்கப் போகிறேன் என்றேன். "வேணாம் சார். இது எனிக்மான்னு ஒரு வகை. பாக்க சோக்காத்தான் கீது, ஆனா இதுல பொறக்கற குட்டிங்களுக்குத் தலைல கோளாறு வரும். பாவம் சார்" என்று எழுதினார் ஸ்டெல்லா மேடம். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். "பெயிண்ட் கலக்குகிறவருக்கு மரபணுவைப் பற்றி என்ன தெரியும்?" என்று நூற்றுச் சொச்சம் பேர் பார்க்க எழுதினேன். நீங்கள் எல்லோரும் படித்தீர்கள். "சரி சார். பத்திரமா பாத்துக்கங்க" என்று மட்டும் பதில் போட்டார்.

ஜோடி சேர்த்தேன். இரண்டு குட்டிகள் பொரிந்தன. ஒன்று நன்றாக இருந்தது. மற்றது தலையைச் சாய்த்துக்கொண்டு நின்ற இடத்திலேயே வட்டமடித்தது. பூச்சியைப் போட்டால் அதற்குப் பக்கத்தில் வெறும் தரையைக் கவ்வியது. நான்கு நாள் பட்டினி. வெட்கத்தை விட்டு அவருக்கே போன் செய்தேன்.

வேலை முடிந்து, இரண்டு பேருந்து மாறி மேடவாக்கத்தில் என் வீட்டுக்கு வந்தார். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, குட்டியை உள்ளங்கையில் வைத்து, இடுக்கியில் பிடித்த புழுவை அதன் வாயோரத்தில் தொட்டுத் தொட்டுக் காட்டினார். ஒரு மணி நேரம் கழித்து அது ஒரு புழுவைத் தின்றது. "அப்பவே சொன்னேனே" என்பார் என்று காத்திருந்தேன். அந்த ஒரு வார்த்தை சொல்லித் திட்டியிருந்தால் நானும் மன்னிப்புக் கேட்டிருப்பேன். அவர் டீயில் இன்னும் கொஞ்சம் சர்க்கரை கேட்டார். "உங்களுக்கு ஆபீஸ் கீது சார். இத்த நான் எடுத்துகினு போறேன்" என்று டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோ ஏறினார். அதன்பின் நான் அந்தக் குட்டியைப் பற்றி விசாரிக்கவே இல்லை. செத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அடக்கம் முடிந்து வீட்டுக்குப் போனபோது அவர் மகள் ஒரு டப்பாவைக் கொண்டுவந்தாள். உள்ளே அந்தக் குட்டி, நன்றாக வளர்ந்து, இன்னும் வட்டமடித்துக்கொண்டு. "அம்மா இதுக்கு ஊட்டிட்டுதான் சாப்புடுவாங்க அங்கிள். எனக்கு ஊட்ட வரல." டப்பாவை வாங்கிக்கொண்டேன். கிளம்பும்போது, குழுவில் நான் எழுதியதை அம்மா எப்படி எடுத்துக்கொண்டார் என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம். "அன்னிக்கு அம்மா சாப்புடல அங்கிள். 'சார் கோவத்துல சொன்னாரு, மனசுல ஒண்ணும் வெச்சிகினு சொல்லல'ன்னு அவங்களே சொல்லிகினு படுத்துட்டாங்க."

அந்தப் பல்லி இப்போது என்னிடம் இருக்கிறது. தினமும் நான்தான் ஊட்டுகிறேன். அவருடையது என்று என்னிடம் மிஞ்சியது அதுதான். உங்கள் எல்லோர் முன்பும் சொன்ன சொல் என்பதால் உங்கள் எல்லோர் முன்பும் எழுதுகிறேன்: அவர் பார்த்துச் சொன்னது சரி. நான் பேசியது தப்பு. இதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு முழுசாக எட்டு மாதம் இருந்தது.