கட்டினால் இவ்வளவு, வாங்கினால் இவ்வளவு... செபமாலை அண்ணனுக்கு

செபமாலை அண்ணன் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை மதியம் ஷெட்டிலேயே நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள்... நேற்று சாயங்காலம் அடக்கம்.

கல்லறைக்கு வந்திருந்தவர்கள்: அவர் மனைவி லூர்து அக்கா, சென்னையிலிருந்து வந்த மகள், பங்குச் சாமியார், ஷெட்டுக்குப் பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர், என் வீட்டுக்காரர், நான். இன்னும் இருபத்திரண்டு பேர். பெயர் தெரியாததால் எழுதவில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சாணார்பட்டி போகிற ரோட்டில் டிங்கரிங் ஷெட் வைத்திருந்தவர். அவரும் என் வீட்டுக்காரரும் சேர்ந்து ஒரு கார் கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தக் காலத்து வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார் மாதிரியே... அச்சு அசலாக. ஐ.டி.ஐ.யில் ரிட்டயர்டு ஆன என் வீட்டுக்காரருக்கு அது சின்ன வயசு ஆசை.

அந்தக் காரில் ரெண்டே சீட்.

அஞ்சலியில் இதை எழுதக் கூடாதுதான். ஆனால் அண்ணன் மேல் எனக்குப் பொறாமை இருந்தது... 'இருந்தது' என்று எழுதினால் பொய். இருக்கிறது.

நேற்று அடக்கத்துக்குக் கிளம்பும்போது என் வீட்டுக்காரர் தன் சட்டைக்குத் தானே இஸ்திரி போட்டுக்கொண்டார். கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்தில் அந்த இஸ்திரிப் பெட்டியை அவர் தொட்டு நான் பார்த்தது நேற்றுத்தான்.

முதல் ஆறு மாசம் கார் என்று ஒன்றுமே கிடையாது. ஷெட் தரையில் சாக்பீஸால் வரைந்த கோடு மட்டும். ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்ததும் இவர் நேராக அங்கேதான். அந்தக் கோட்டுக்குள் ஆளுக்கொரு பிளாஸ்டிக் சேர் போட்டு, ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள்.

ஒரு நாள் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டை எடுத்துக்கொண்டு போனேன். கேட் பக்கம் வரும்போதே சிரிப்புச் சத்தம். யாரோ என்று நினைத்தேன். இவர்தான்!

"வாங்க தங்கச்சி! ஒங்க கத்திரிக்கா வெஞ்சனத்தப் பத்தித்தேன் மாப்ள சொல்லிக்கிட்டு இருந்தாரு. அம்புட்டு ருசியாம்ல?"

"ஏய், சும்மா இருய்யா..." என்று இவர் தரையைப் பார்த்தார்.

என் சமையலைப் பற்றி என்னிடம் இவர் சொன்ன ஒரே வார்த்தை 'உப்பு'. அது இருந்தாலும் 'உப்பு', இல்லாவிட்டாலும் 'உப்பு'.

கோட்டுக்கு வெளியே தூக்குவாளியோடு நின்றேன். உட்கார மூணாவது சேர் இல்லை.

அந்த வாரம்தான் இவர் என் கணக்கு நோட்டை எடுத்துக் கொடுத்தார். கோயம்புத்தூரில் ஒருவர் இதே மாதிரி காரை முடித்துவைத்து விற்கிறார், ஐந்து லட்சத்து இருபதாயிரம். "கட்டுனா எம்புட்டு, வாங்குனா எம்புட்டு... போட்டுப் பாரு."

நான் படித்தது எட்டாவது. கணக்கு நானாகக் கற்றுக்கொண்டது. பால் கணக்கு முதல் மகன் காலேஜ் பீஸ் வரை ஒரு பைசா பிசகியதில்லை. இந்த வீட்டில் என் நோட்டில் இருந்தால் அது வேதவாக்கு.

செபமாலை அண்ணன் ஒவ்வொன்றுக்கும் போனில் விலை சொன்னார். பைபர் பாடி ஒரு லட்சத்து நாற்பதாயிரம். நான் எழுதியது ஒரு லட்சத்துத் தொண்ணூறு.

வயரிங் பதினெட்டு. எழுதியது நாற்பத்து மூன்று. பெயிண்ட் ஐம்பத்தைந்து... தொண்ணூற்றைந்து.

வாங்கினால்தான் லாபம் என்று ஆகிவிட்டது. வாங்கிவிட்டால் ஷெட்டுக்குப் போக என்ன வேலை?

என்னையும் ஷெட்டுக்குக் கூட்டிப்போய், இவர் நோட்டை அண்ணனிடமே நீட்டினார். "பாருய்யா, சரியா இருக்கா?"

அண்ணன் கண்ணாடியை ஏற்றிவிட்டு விரலை வைத்து வரி வரியாக வந்தார். பெயிண்டில் நின்றது விரல். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த மாதா படத்தைப் பார்த்தேன்.

"தங்கச்சி கணக்குல நான் என்னத்தச் சொல்ல... சரியாத்தேன் இருக்கு. ஆனா மாப்ள, வேல செய்யச் செய்யக் கொறையும் பாருங்க. கட்டுவோம்."

இவர் டீ சொல்லப் போனதும் அண்ணன் மெதுவாகக் கேட்டார். "பேனாவுல எழுதிட்டீகளா தங்கச்சி? பென்சில்ல எழுதிருக்கலாம்ல."

அவ்வளவுதான். அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. என்னிடமும், இவரிடமும்.

அதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டேன்.

பாவசங்கீர்த்தனத்தில் இந்தக் கள்ளக் கணக்கைச் சாமியாரிடம் சொன்னேன். "வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டீங்களாம்மா?" என்று கேட்டார். சிலுவை போட்டுக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

பழைய கார் வாங்கி, என்ஜின் வேலை பார்த்து, சக்கரம் மாட்டியாகிவிட்டது. பாடிதான் இனி ஏறணும்... அதற்குள் அண்ணன்...

நேற்று கல்லறையிலிருந்து வந்ததும் இவர் நோட்டை எடுத்தார். "பெயிண்ட், கார் சீட்டு எல்லாம் சேத்து இன்னும் மூணரை லட்சம்னு போட்டுருக்க. ஒன் கண் ஆபரேஷன் போக போஸ்ட் ஆபீஸ்ல கெடக்குறது ரெண்டரை. அவனும் இல்ல. பழைய இரும்புக்குப் போட்டுருவோம்."

வியாபாரிக்குப் போனும் செய்துவிட்டார். என் நோட்டை நம்பி.

இன்று காலையில் லூர்து அக்காவிடம் நம்பர் வாங்கி, அண்ணன் பேசிவைத்திருந்த வடமதுரை பைபர்காரரிடம் பேசினேன். அதே ஒரு லட்சத்து நாற்பதுதானாம். "அண்ணன் பேசுன வெல, மாத்த மாட்டேங்க்கா. மிச்ச வேலையும் நானே முடிச்சுத் தாரேன்" என்கிறார்.

சரியான கணக்கு: பாக்கி இரண்டு லட்சத்து முப்பத்தைந்தாயிரம். இதையும் பேனாவில்தான் எழுதியிருக்கிறேன்.

செபமாலை அண்ணே... நீங்கள் என்னைக் காட்டிக்கொடுக்கவே இல்லை. நாளைப் பூசைக்கு உங்கள் பெயரைக் கொடுத்திருக்கிறேன். பொறாமை இன்னும் போனபாடில்லை. நீங்கள் போய் வாருங்கள்.

ஏங்க... காபி குடிக்கும்போது போனில் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் அடுப்படியில்தான் இருக்கிறேன். வியாபாரி சனிக்கிழமை வருகிறார். அதற்கு முன்னால் ஒரு பதில் சொல்லுங்கள்.