சிவப்புத் துணி கட்டிய போல்ட்டுகள்

இரும்பைத் துருவிலிருந்து காப்பாற்றுவதுதான் முலாம் போடும் எங்கள் தொழில்; எங்களை யார் காப்பாற்றுவது என்று மட்டும் யாரும் யோசிப்பதில்லை. போன் அடித்தாலே யாருடைய புகாரோ என்று பதறும் சக பட்டறைவாசிகளே, பெங்களூரு ஹெப்பகோடியில் நான் சூப்பர்வைசராக இருந்து நடுங்கிய கதையைக் கேளுங்கள்.

யாரும் தொடவில்லை

சேர்ந்த புதிதில் ஒரு நாள், ஜிங்க் முலாம் போட்ட ஸ்பிரிங்குகள் மேஜைமேல் சும்மா கிடந்தன. திடீரென்று அவற்றில் ஒன்று இரண்டாகத் தெறித்தது. பக்கத்தில் ஆளே இல்லை. பேய் வேலைதான் என்று கத்திவிட்டேன். அமிலத்திலும் முலாம் தொட்டியிலும் கிடக்கும்போது கெட்டியான எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்துவிடுமாம். உடனே ஓவனில் வைத்துச் சுட்டு அதை விரட்டாவிட்டால், எப்போது வேண்டுமானாலும் முறியுமாம். எங்கள் கெமிஸ்ட் வனிதா துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டே சொன்னார்: "பேயெல்லாம் இல்ல சார், வாயுதான். பேயாவது வர்றதுக்கு முன்னாடி கொலுசுச் சத்தம் குடுக்கும்."

பூஜைத் துணி

அதனால் இன்னும் சுடாத சரக்கு இருக்கும் கூடைக்குச் சிவப்புத் துணி கட்டிவைப்பது எங்கள் வழக்கம். லிஃப்ட் பாகங்கள் செய்யும் நாகராஜ் மல்லேஸ்வரத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழர்; காலில் வெந்நீர் கொட்டிக்கொண்ட மாதிரிதான் எப்போதும் வருவார்; யாரைக் கூப்பிட்டாலும் கன்னடக்காரர்கள் மாதிரி 'குரு'தான். ஒரு நாள் நான் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் வந்து, தன் போல்ட்டுகள் இருந்த, துணி கட்டிய கூடையை அப்படியே வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். கூடையைக் காணோம் என்பது மறுநாள் காலையில்தான் எனக்குத் தெரிந்தது. பதறிப்போய் போன் செய்தேன். "செவப்புத் துணியப் பாத்து, பூஜை போட்டு ரெடியா வெச்சிருக்கீங்கன்னு நெனச்சேன் குரு. சிவாஜிநகர் ஆஸ்பத்திரி லிஃப்ட்ல நேத்தே மாட்டியாச்சே!"

ஆறுதல்

லிஃப்டை நிறுத்தச் சொல்லுங்கள் என்று கத்தினேன். அங்கே வந்து பேசிக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டார். பைக்கில் கிளம்பினேன். எந்த சிக்னலில் நின்றாலும் அறுந்து விழும் லிஃப்ட்தான் கண்முன் நின்றது. ஆஸ்பத்திரிக்குள் ஓடினால், நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தியைச் சக்கர நாற்காலியோடு லிஃப்டுக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்கள். இறங்குங்கள் என்று கத்திக் கையை ஆட்டினேன். லிஃப்ட்காரர் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, கதவை மூடிக்கொண்டே ஆறுதல் சொன்னார்: "பயப்படாதீங்க சார், நேத்துதான் எல்லாம் புது போல்ட்டா போட்டாங்க."

நாலாவது மாடி

அந்தப் பெண் மேலே பத்திரமாக இறங்கிய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அதற்குள் நாகராஜும் வந்து சேர்ந்தார். என் பயத்தைப் போக்குகிறாராம். எல்லாரும் பார்க்க, அதே லிஃப்டில் நாலாவது மாடிக்குப் போனார். நான் படியேறி, மூச்சு வாங்க நின்றேன். கரண்டை நிறுத்தி, கூண்டுக்கு மேலே இருந்த போல்ட்டுகளைக் காட்டினார். புதுப் பாத்திரம் மாதிரி மின்னின. எவ்வளவு உறுதி பாருங்கள் என்று ஒன்றைத் தொட்டார். அதன் தலை அவர் கையோடு வந்துவிட்டது. மற்றவைதான் கூண்டைத் தாங்கிக்கொண்டிருந்தன. லிஃப்டைப் பூட்டச் சொல்லிவிட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கையிலிருந்த போல்ட் தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "குரு... இதுலயா நான் ஏறி வந்தேன்?"

அன்றைக்கே எல்லா போல்ட்டையும் மாற்றியாகிவிட்டது என்றாலும், எங்கள் முலாம் எத்தனை வருஷம் தாங்கும் என்று கேட்பவர்களுக்கு நெஞ்சை நிமிர்த்திப் பதில் சொல்கிற நான், எந்தக் கட்டடத்துக்குள் போனாலும் முதலில் கேட்பது மாடிப்படி எங்கே என்றுதான்.