எந்த ரைட்டு?

எங்கள் பெரிய நாத்தனார் மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பெயர் முதன்முதலாக வீட்டுக்குள் வந்தது. பையன் லாரி ஓட்டுகிறான் என்றார் வரன் கொண்டுவந்தவர். பேர் என்ன என்று கேட்டதற்கு, "ஒத்தொடின்னு கேட்டுப் பாருங்க, எந்த லாரி ஆபீஸ்லயும் சொல்லுவாங்க" என்றார். நாத்தனாருக்கு முகம் சுண்டிப்போனது.

"கல்யாணப் பேச்சுல ஒடி முறின்னு இது என்னங்க பேரு? கை கால் எதுவும் ஒடிஞ்ச பையனா?"

வந்தவர் சிரித்துக்கொண்டே விளக்கினார். ஸ்டீரிங்கைத் திருப்புவதை ஒடிப்பது என்பார்கள் லாரிக்காரர்கள். மற்ற டிரைவர்கள் முன்னே எடுத்துப் பின்னே வாங்கி, நாலு தடவை ஒடித்துச் சேர்க்கிற வண்டியை, இந்தப் பையன் ஒரே ஒடியில் லோடு ஏற்றும் மேடையோடு ஒட்டிவிடுவான். "மேடைக்கும் வண்டிக்கும் நடுவுல தீக்குச்சி போனா அதிகம்" என்றார்.

"அப்ப குடும்பத்தையும் ஒரே ஒடியில கரை சேர்த்துருவான்" என்றார் நாத்தனாரின் கணவர். அந்தச் சிரிப்பிலேயே கல்யாணம் முடிவாகிவிட்டது.

அவர் சொன்னதும் வீண்போகவில்லை. மாப்பிள்ளைக்குக் குடி கிடையாது, கோபம் கிடையாது, பெண்டாட்டியை அதட்டிப் பேசிக் கேட்டவர்கள் கிடையாது. இருந்த ஒரே கிறுக்கு அந்தப் பெயர்தான். வீட்டுச் சுவரோரம் சைக்கிளை நிறுத்தினால்கூட, வைத்தது வைத்ததுதான். கோணலாக இருக்கிறதென்று மறுபடி நகர்த்த மாட்டார். "சைக்கிளும் லாரியும் ஒண்ணாங்க?" என்று பெண்டாட்டி கேட்டால், "கை ஒண்ணுதானே" என்பார்.

அவருடைய வண்டிக்குக் கிளீனராக வந்தவன் பெண்டாட்டியின் கூடப்பிறந்த தம்பி, அதாவது எங்கள் நாத்தனாரின் கடைசி மகன். கல்யாணமாகி ஒரு பெண்குழந்தைக்குத் தகப்பன். அதற்குமுன் பார்த்த வேலை எதுவும் அவனுக்கு ஒட்டவில்லை. லாரிக்குப் பின்னால் நின்று வழி சொல்கிற வேலை மட்டும் ஒட்டிக்கொண்டது. அதிகம் பேசாதவனுக்கு ஏற்ற வேலை அது. உள்ளங்கையால் பின்பலகையைத் தட்டி, "ரைட்" என்பான். வரலாம் என்று அர்த்தம். ஓங்கி ஒரு தட்டுத் தட்டினால் நிற்கவேண்டும். பக்கம் சொல்லும்போது மட்டும் அவன் வாயில் இங்கிலீஷ் வராது. சோத்தாங்கை, பீச்சாங்கை என்றுதான் சொல்வான். எங்கள் நாத்தனார் சோறு ஊட்டும்போதே பிள்ளைகளுக்கு அப்படித்தான் பக்கம் சொல்லிக்கொடுத்திருந்தாள். "சோத்தாங்கை ஒடிங்க மாமா, இன்னும் கொஞ்சம், ரைட் ரைட்" என்று அவன் குரல் வந்தால், கண்ணாடியைப் பார்க்காமலே மாமா வண்டியை வாங்கிவிடுவார்.

வழக்கமாக லோடு ஏற்றுகிற குடோன் ஒன்று; அங்கே அவர்கள் எத்தனையோ முறை போயிருக்கிறார்கள். உள்ளே சின்ன முற்றம். பீச்சாங்கைப் பக்கம் ஒரு தூண், சோத்தாங்கைப் பக்கம் சுவர். லாரிகள் இடித்து இடித்துச் சுவர் மூலை பெயர்ந்ததால் அங்கே ஓர் இரும்புப் பட்டையை அடித்து வைத்திருந்தார்கள். அதையும் எவனோ இடித்திருக்கிறான். அடிப்பக்கம் பெயர்ந்து, அரிவாள்மணை மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

முற்பகல் வெயில். மேடையில் ரெண்டு டிரைவர்கள் கால் தொங்கப் போட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். காலி வண்டியை இவர் பின்னால் வாங்க, மச்சினன் "ரைட், ரைட்" என்று தட்டிக்கொண்டே வந்தான். பாதி வந்ததும் ஓங்கி ஒரு தட்டு.

"நில்லுங்க மாமா. சோத்தாங்கைப் பக்கம் பட்டை நீட்டிட்டு இருக்கு. முன்னால எடுத்து மறுபடி வாங்குங்க."

அவர் காதில் அது விழுந்தது. ஒவ்வொரு எழுத்தும் விழுந்தது. பிரேக்கிலும் கால் வைத்தார். இன்ஜின் இரைச்சலில் மச்சினன் சொன்னது மேடைக்கு எட்டவில்லை. வண்டி பாதியில் நிற்பதை மட்டும் பார்த்த ஒருத்தன் அங்கிருந்து, "என்னப்பா, ஒத்தொடிக்கு ரெண்டாவது ஒடியா? மழை வரப்போவுது, துணியை எடுத்து உள்ள போடுங்க" என்றான். மற்றவன் டீயைத் துப்பிச் சிரித்தான்.

அவ்வளவுதான். காலை எடுத்தார். தூணுக்குத் தப்பிக்க நின்ற இடத்திலேயே வலப்பக்கம் ஒடித்து, நூல் பிடித்த மாதிரி போய்விடலாம் என்று வண்டியை அழுத்தினார். கோணிப்பை கிழிகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது, அப்புறம் காற்று இறங்குகிற சத்தம்.

பின்சக்கரத்தின் வெளி டயர். முந்தின வாரம்தான் முதலாளி போட்டது. புது டயரில் முளைத்திருக்குமே ரப்பர் முடி, அதுகூட இன்னும் உதிரவில்லை. தரையில் படுகிற பாகத்தில் ஆணி குத்தினால் ஒட்டுப்போடலாம். இது விலாவில் கிழிந்திருந்தது. விலா கிழிந்த டயருக்கு மருந்தில்லை.

லோடு எழுதிக்கொள்ள வந்திருந்த முதலாளி குடோனுக்குள்ளிருந்து வந்து டயரைப் பார்த்தார், டிரைவரைப் பார்த்தார். "என்னய்யா, உன் கையாலயா?" என்றார். அதட்டக்கூட இல்லை, நம்பமுடியாமல்தான் கேட்டார்.

வாயைத் திறந்தபோது என்ன சொல்லப்போகிறோம் என்று அவருக்கே தெரியாது. சொல் தானாக வந்து விழுந்தது.

"இவன் ரைட்டுன்னான். நான் ரைட்டுல ஒடிச்சேன்."

மேடையில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மூட்டைக்காரர்கள் ஓடிவந்து என்ன என்ன என்று கேட்டு, அவர்களும் சிரித்தார்கள். மச்சினன் ஒரே ஒரு முறை மாமாவை நிமிர்ந்து பார்த்தான். அப்புறம் குனிந்து, கிழிசலுக்குள் விரலை விட்டுப் பார்த்தபடி, "ஆமாங்க, ரைட்டுன்னேன்" என்றான். அவன் ரைட் என்று சொன்னதும் உண்மைதானே. முழுப்பொய் ரெண்டு நாளில் விழுந்துவிடும். பாதி உண்மை கலந்த பொய் ஊன்றி நின்றுவிடும்.

முதலாளி அவனை வண்டியை விட்டு இறக்கினார். குடோன் மேஸ்திரி இரக்கப்பட்டு மூட்டை தூக்குகிற வேலை கொடுத்தார். அவனுக்கும் ஒரு பெயர் வந்தது, ரைட்டு. தண்ணீர் கேட்டால், "ரைட்டு, எந்தக் கையில தரட்டும்?" என்பார்கள். "இந்தாண்ட வா ரைட்டு" என்று கூப்பிட்டுவிட்டு அந்தாண்டை கை காட்டுவார்கள். அவனும் கூடச் சிரித்துவிட்டு மூட்டைக்கு முதுகைக் கொடுப்பான்.

வீட்டிலும் அக்காள் விடவில்லை. "மாமா பேரைக் கெடுத்துட்டியேடா. ஒரு வார்த்தை ஒழுங்காச் சொல்ல வராதா உனக்கு?" என்றாள். அவன் தட்டைப் பார்த்தபடி, "வாய் தவறிருச்சுக்கா" என்றான். எதிரே உட்கார்ந்திருந்த மாமா பாதிச் சோற்றோடு எழுந்துகொண்டார். பிறகு கை கழுவுகிற இடத்தில் அவனைத் தனியே பிடித்து, "மாப்ள, நான்..." என்று ஆரம்பித்தார்.

"விடுங்க மாமா. அக்காகிட்ட நான் இப்படிச் சொல்லிட்டேன். நீங்களும் அதையே சொல்லுங்க. ஆளுக்கொரு கதை சொன்னா அவதான் நடுவுல தவிப்பா."

திட்டியிருந்தால் தேவலை. ஓர் அறை விட்டிருந்தால் இன்னும் தேவலை. அன்றிலிருந்து அவருக்கு மச்சினன் முகத்தைப் பார்க்கக் கூசியது. குடோனில் அவன் மூட்டையோடு எதிரே வந்தால், டயரைத் தட்டிப் பார்க்கிற மாதிரி குனிந்துகொள்வார். புதுக் கிளீனர் பின்னால் நின்று "ரைட்" என்றால் அவர் காதுமடல் சுடும். வேண்டுமென்றே நாலு தடவை முன்னே எடுத்துப் பின்னே வாங்க ஆரம்பித்தார். "பாவம், மச்சினன் போனதுல கை உடைஞ்சுபோச்சு மனுசனுக்கு" என்று மற்ற டிரைவர்கள் அதற்கும் அனுதாபப்பட்டார்கள்.

இப்படியே போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சினன் குடும்பத்தோடு வந்திருந்தான். அவன் மகள் அப்போதுதான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தாள். மாமாவின் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு கேட்டாள்: "மாமா, ரைட்டுன்னா சரின்னுதானே? டீச்சர்கூட ரைட்டு போடுவாங்களே. அப்புறம் ஏன் எங்கப்பாவை ரைட்டுன்னு கூப்பிட்டுச் சிரிக்கிறாங்க?"

"மாமாவைத் தொந்தரவு பண்ணாத, இறங்கு" என்றான் அவள் அப்பன். மாமா குழந்தையின் முதுகில் வைத்திருந்த கையை எடுத்துவிட்டார். அந்தக் கையை அங்கே வைத்திருக்கத் தனக்கு என்ன யோக்கியதை என்று இருந்தது அவருக்கு.

மறுநாள் குடோன் முற்றத்தில் முதலாளி, மேஸ்திரி, டிரைவர்கள், மூட்டைக்காரர்கள் எல்லாரும் டீக்கு நின்றிருந்தபோது நடுவில் போய் நின்றார். "அன்னிக்கு மச்சினன் நில்லுன்னுதான் சொன்னான். பட்டை நீட்டிட்டு இருக்குன்னு சொன்னான். என் காதுல விழுந்துச்சு. நான்தான் வீம்புக்கு ஒடிச்சேன். அவன்மேல பழியைப் போட்டேன்" என்றார்.

முதலாளி அவர் தோளில் தட்டினார்.

"மச்சினனை மறுபடி வண்டியில ஏத்தணும்னா நேரா கேளுய்யா. எதுக்கு இந்தச் சுத்தி வளைப்பு?"

"இல்லைங்க, நெசமாத்தான் சொல்றேன்."

"பெண்டாட்டி தம்பிக்காகப் பழியைத் தன் தலையில போட்டுக்கறார் பாரு" என்றார் மேஸ்திரி. "இந்த மனசு யாருக்கு வரும்?"

அன்று மேடையில் உட்கார்ந்து கேலி பேசிய அதே டிரைவர், "ஒத்தொடி தப்பா ஒடிச்சார்னு சொன்னா கிழிஞ்ச டயரே நம்பாது" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். மச்சினனும் அங்கேதான் நின்றிருந்தான். அவன் சிரிக்கவில்லை, காலி டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு மூட்டைப் பக்கம் போய்விட்டான். பொய் சொன்னபோது கிடைக்காத பெயரெல்லாம் உண்மை சொன்னபிறகு கிடைத்தது. அதுதான் அவரைக் கொன்றது.

வீட்டுக்கு வந்து பெண்டாட்டியிடமும் சொன்னார். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமலே கேட்டுவிட்டு, "தெரியும்" என்றாள்.

"அவன் சொன்னானா?"

"அவன் எங்க சொன்னான். அவன் வாயில ரைட்டு லெஃப்ட்டு என்னிக்குப் பக்கமா வந்திருக்கு? நீங்க சொன்ன அன்னிக்கே எனக்குத் தெரியும்." கொஞ்சம் பொறுத்து, "தெரிஞ்சுக்கிட்டேதான் அவனைத் திட்டினேன். உங்களைத் திட்டினா இந்த வீட்டுல யார்கூட இருக்கிறது?" என்றாள்.

உரித்துப் போட்ட வெங்காயத் தோலை அவர் அள்ளிக்கொண்டு போய்க் குப்பையில் போட்டார்.

முதலாளி பெரிய மனசோடு மச்சினனை மறுபடி கூப்பிட்டனுப்பினார். அவன் வர மறுத்துவிட்டான். அழைக்கப் போன மாமாவிடம், "மூட்டைக்கு வாய் இல்ல மாமா, அது போதும் எனக்கு" என்றானாம். கோபமாகச் சொல்லவில்லை. உள்ளே கூப்பிட்டு, தண்ணீர் கொடுத்து, வாசல்வரை வந்து வழியனுப்பித்தான் சொன்னான்.

அந்த மாதமே அவர் லாரியை விட்டு இறங்கிவிட்டார். இப்போது தண்ணீர் கேன் போடுகிற சின்ன வண்டி ஓட்டுகிறார். பின்னால் நின்று வழி சொல்ல ஆள் வேண்டாத வண்டி. மச்சினன் அதே குடோனில்தான் இருக்கிறான். அந்தத் தெருவுக்கும் இவர்தான் கேன் போடவேண்டும். குடோனுக்கு மட்டும் கேனை வெளிக்கேட்டிலேயே இறக்கி வைத்துவிட்டு வந்துவிடுகிறார்.