பாதி வரை மாறிய வீடியோ

எங்கள் வீட்டுத் தொலைக்காட்சி பழையது. பென்டிரைவ் செருக அதில் இடமில்லை. டிவிடி பிளேயர் மட்டும் இன்னும் ஓடுகிறது. மகளுக்கான கால் பயிற்சி வீடியோக்களை டிவிடியில் எழுதலாம் என்று நினைத்தது அதனால்தான்.

தர்மபுரத்தில் ரியூசன் வகுப்பு முடிந்து சைக்கிளில் வந்தவளை மணல் ஏற்றிய டிப்பர் லொறி தட்டிவிட்டது. ஆஸ்பத்திரியில் தொடை எலும்புக்குள் கம்பி வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும் நாளில், பயிற்சி சொல்லித்தரும் மிஸ் அவளது குதிகாலைப் பிடித்து மெல்ல உயர்த்தி இறக்கிக் காட்டினார். இனி நீங்கள் பிடியுங்கள் என்றார். என் கை போகவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் போகவில்லை. செய்யாமல் விட்டால் முழங்கால் இறுகிவிடும் என்றும் அவர் சொல்லியிருந்தார். கணவர் வயலிலிருந்து இருட்டித்தான் வருவார். மகள் சுவர்ப்பக்கம் திரும்பியே கிடந்தாள்.

எங்கள் பக்கம் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். வேலைக்குப் போன இடத்தில் வீடியோக்களை இறக்கிக்கொண்டு வந்தேன். அவற்றை டிவிடிக்கு மாற்ற ஒரு மென்பொருள் வேண்டும். தம்பி வெளிநாட்டிலிருந்து அனுப்பிய பழைய மடிக்கணினியில் சிலவற்றைப் போட்டுப் பார்த்தேன். ஒன்று படம் அகலமா சதுரமா, எந்த நாட்டு டிவி முறை என்று கேட்டுக்கொண்டே இருந்தது. என்னால் யோசிக்க முடியவில்லை. இன்னொன்று தன் பெயரைப் படத்தின் நடுவில், சரியாக முழங்காலுக்கு மேல், பெரிதாக எழுதிவிட்டது. கடைசியில் மூன்று பொத்தான் மட்டும் உள்ள ஒன்றை எடுத்தேன். சேர், மாற்று, எழுது. நடுவில் ஆங்கிலத்தில் ஏதோ எழுதிய ஒரு பெட்டி திரையில் வந்தது. வாசிக்காமல் ஓகே அழுத்தினேன். ஆஸ்பத்திரியில் நீட்டிய தாளிலும் அப்படித்தான் கையெழுத்துப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் டிவிடியைப் போட்டேன். பாயில் விட்டதும் மகள் மறுக்காமல் மல்லாந்து படுத்தாள். திரையில் இருந்த பெண் காலை மெதுவாக உயர்த்தினாள். மகளும் பல்லைக் கடித்தபடி உயர்த்தினாள். அப்படியே படம் நின்று திரை கறுத்தது. அந்த மென்பொருளை இலவசமாக எடுத்தால் ஒவ்வொரு வீடியோவிலும் பாதியைத்தான் மாற்றித் தருமாம். அந்தப் பெட்டியில் இருந்தது அதுதான் என்று பிறகு தெரிந்தது.

"அம்மா, அந்த அக்கா தூக்கினபடியே போயிட்டா. நான் எப்ப இறக்கிறது?"

நான் ரிமோட்டை அழுத்திக்கொண்டிருந்தேன். "கொஞ்சம் பொறு பிள்ளை. திரும்பப் போடுறன்."

"திரும்பப் போட்டாலும் அவா தூக்கத்தானே போறா." அவளது கால் நடுங்கத் தொடங்கியிருந்தது. "அதை வைச்சிட்டு வந்து பிடியுங்கோ."

போய்ப் பிடித்தேன். நினைத்ததைவிடப் பாரமாக இருந்தது. மிஸ் காட்டியதுபோல மெல்ல இறக்கிப் பாயில் வைத்தேன். வலிக்கிறதா என்று கேட்கத் தோன்றவில்லை. அழுகையும் வரவில்லை. கையை எடுக்காமல் அப்படியே இருந்தேன்.

"இன்னொருக்கா," என்றாள்.